கடைசிக் கைக்கு முந்தைய கை



பெண்கள் கூடைப்பந்தில் பந்தை அருமையாகக் கொடுத்து ஆடும் ஒருவரைப் புகழ வேண்டுமென்றால், எழுதுகிறவர்களின் பேனா முதலில் தேடிப்போகும் சொல் ஒன்று உண்டு: தன்னலமற்றவர். தானே கூடை போட்டிருக்கலாம், ஆனால் தோழிக்குக் கொடுத்தார். பெயரைத் தானே வாங்கியிருக்கலாம், ஆனால் அணிக்கு விட்டுக்கொடுத்தார் என்று அந்தப் புகழ்ச்சி போகும். கேட்க இனிமையாக இருக்கும் அந்தச் சொல்லோடுதான் இன்று மாலை நான் வழக்காட வந்திருக்கிறேன். ஒரு பாஸ் என்பது தானம் அல்ல, தீர்ப்பு. களத்தில் நிற்கும் பத்துப் பேரில் யார் எங்கே இருக்கிறார்கள், அடுத்த அரை நொடியில் எங்கே இருப்பார்கள், அவர்களில் யாருடைய கையில் பந்து இருந்தால் கூடை விழும் என்பதை ஒருவர் எடைபோட்டு முடிவு சொல்கிறார். அந்த முடிவைத் தியாகம் என்று அழைத்தால், அதற்குள் இருக்கும் அறிவு நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. ஆண் ஆட்டக்காரர்களையும் தன்னலமற்றவர் என்று சொல்வதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்களில் பெரியவர் ஒருவருக்கு மேஜிக் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெண்களிடம் வரும்போது அந்த வியப்பு குறைந்து, நல்ல மனசுக்காரி என்ற பாராட்டு மேலே வருகிறது. சமையலறையில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்ணும் பெண்ணுக்குக் கொடுக்கும் அதே பாராட்டு. அதனால்தான் இந்தச் சொல்லை நான் எளிதில் விட்டுவிட விரும்பவில்லை.

முதலில் அளவுகோலைப் பார்ப்போம். ஒருவர் கொடுத்த பந்தை வாங்கியவர் நேரடியாகக் கூடையில் போட்டால், கொடுத்தவர் கணக்கில் ஓர் அசிஸ்ட் எழுதப்படும். எழுதுகிறவர் களத்தின் ஓரத்தில் ஸ்கோரர் மேசையில் உட்கார்ந்திருக்கும் மனிதர். வாங்கியவர் ஓரிரு முறை பந்தைத் தட்டிவிட்டுப் போட்டாரே, அது கொடுத்தவரின் உழைப்பா, போட்டவரின் உழைப்பா என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். வாங்கியவர் குறி தவறினால், எவ்வளவு அழகான பாஸாக இருந்தாலும் ஏட்டில் ஒன்றும் ஏறாது. முதல் பாஸ் எதிரணியைக் குலைத்து, இரண்டாவது பாஸ் அந்தக் குலைவைப் பயன்படுத்திக்கொண்டால், பெயர் இரண்டாமவருக்குத்தான். கூடை போட்டவர் கடைசிக் கை. அதற்கு முந்தைய கைக்கு மட்டுமே ஏட்டில் இடம். அதற்கும் முந்தைய கைக்கு இடமில்லை. இந்தக் குறைகளோடுதான் நம்மிடம் எண்கள் இருக்கின்றன. அவற்றை நான் பயன்படுத்துவேன், ஆனால் அவற்றையே சாட்சி என்று நம்பி நிற்க மாட்டேன்.

டபிள்யூ.என்.பி.ஏ. என்ற அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியமைப்பு 1996-ல் தொடங்கப்பட்டு, 1997 ஜூனில் முதல் ஆட்டத்தைக் கண்டது. அடுத்த ஆண்டே சாக்ரமெண்டோ மோனார்க்ஸ் அணிக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். போர்ச்சுகலின் கடலோர ஊரான ஃபிகெய்ரா ட ஃபோஸில் பிறந்த டீஷா பெனிஷெய்ரோ. வந்த முதல் சீசனிலேயே அசிஸ்ட்டில் அவர்தான் முதலிடம். தொடர்ந்து ஆறு ஆண்டுகள், 1998 முதல் 2003 வரை, அந்த இடத்தை யாருக்கும் விடவில்லை. பிறகு 2010-ல், முப்பத்தைந்து வயதில், லாஸ் ஏஞ்சலஸ் அணிக்கு ஆடியபோது மறுபடி முதலிடம். 1998-லும் 2002-லும் ஒரே ஆட்டத்தில் 16 அசிஸ்ட் கொடுத்தார். அந்த எண்ணைத் தாண்ட 2020 வரை ஒருவராலும் முடியவில்லை. முப்பத்தைந்து வயதில் வந்த அந்த ஏழாவது முதலிடத்தை நான் பெரிய சான்றாக எடுத்துக்கொள்கிறேன். கால் வேகம் குறைந்த பிறகும் குறையாமல் இருந்தது எது? நல்ல மனசு என்று சொல்லிவிட முடியாது. இருபத்து மூன்று வயதில் அவர் கண்டதை முப்பத்தைந்து வயதில் இன்னும் முன்னதாகவே கண்டார் என்பதுதான் பொருத்தமான விடை.

அவருடைய பாஸ் ஒன்றை நெருங்கிப் பார்க்கலாம். எதிரணிக் கூடையை நோக்கிப் பந்தைத் தட்டிக்கொண்டு நடுவில் ஓடி வருகிறார். வலப்பக்கம் ஒரு தோழி, இடப்பக்கம் ஒரு தோழி, எதிரே தனியாக ஒரு தடுப்பாளர். கண் வலப்பக்கம் போகிறது. தலையும் திரும்புகிறது. தோள்கூடக் கொஞ்சம் சாய்கிறது. தடுப்பாளர் முட்டாள் அல்ல. கண்ணையும் தோளையும் படித்தே பழகியவர். ஒரு கால் வலப்பக்கம் நகர்கிறது, உடம்பின் எடை அந்தக் காலுக்கு மாறுகிறது. எடை மாறிய அந்தக் கணத்தில் பந்து மணிக்கட்டின் ஒரு சுழற்றலில் இடப்பக்கம் போய்விடுகிறது. பார்க்காமல் கொடுத்தார் என்று கூட்டம் ஆரவாரிக்கும். உண்மையில் அவர் பார்த்துவிட்டார், முன்னதாகவே. இப்போது அவர் பார்ப்பது தடுப்பாளருக்காக. இதை வித்தை காட்டல் என்று ஒதுக்கியவர்கள் அந்த நாளில் இருந்தார்கள். பந்தை நேராகப் பார்த்துக் கொடுத்தால் ஆகாதா என்று கேட்டார்கள். ஆகாது. நேராகப் பார்த்துக் கொடுத்தால் அந்த ஒரு கால் நகராது. அரை அடி இடம் கிடைக்காது. கண் ஒரு பொய் சொல்லி, கை ஓர் உண்மையைச் செய்வதற்குள் ஒரு மனிதரின் எடை இடம் மாறுகிறது என்றால், அந்தக் கண்ணும் ஆட்டக் கருவிதான்.

இங்கே ஒரு தடை எழும், நியாயமான தடை. பெனிஷெய்ரோ கூடை போடுவதில் பலவீனமானவர். அதனால்தான் அவர் எல்லாவற்றையும் பிறருக்குக் கொடுத்தார். இயலாமையை அறிவு என்று பெயர் மாற்றுகிறாயா என்று கேட்கலாம். அவர் தூரத்திலிருந்து குறி எறிவதில் சிறந்தவர் அல்ல என்பது உண்மை. எதிரணிகளுக்கும் அது தெரியும். ஆனால் இந்தத் தடை தன் காலிலேயே இடறுகிறது. குறி எறியத் தெரியாத ஒருவரைத் தடுப்பது எளிது. அவரை விட்டுப் பின்வாங்கி நின்று, அவர் கொடுக்கக்கூடிய வழிகளையெல்லாம் அடைத்துக்கொள்ளலாம். அவர் கொடுக்கத்தான் போகிறார் என்பது அரங்கம் முழுக்கத் தெரிந்த பிறகும் அவர் கொடுத்த பாஸ்களைத் தடுக்க முடியவில்லை, ஆறு ஆண்டுகள் தொடர்ந்து. சீட்டை மேசைமேல் திறந்து வைத்துவிட்டு ஆட்டத்தை வெல்வது போன்றது அது. 2000-ம் ஆண்டில் 30 ஆட்டங்களில் 236 அசிஸ்ட். 2005-ல் மோனார்க்ஸ் பட்டம் வென்றபோதும் அவர்தான் பந்தைக் கொண்டுவந்தவர். ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 2,599 அசிஸ்ட். அன்றைக்கு அதுவே டபிள்யூ.என்.பி.ஏ. வரலாற்றின் உச்சம்.

அந்த உச்சத்தை 2017-ல் தாண்டியவர் சியாட்டில் ஸ்டார்ம் அணியின் சூ பேர்ட். 2002-ல் வந்தவர், ஒரே அணிக்கு ஆடி 2022-ல் ஓய்வு பெற்றார். 580 ஆட்டங்கள், 3,234 அசிஸ்ட், நான்கு பட்டங்கள், ஐந்து ஒலிம்பிக் தங்கம். இவர் பெனிஷெய்ரோவுக்கு நேர் எதிர். பார்வையில் பகட்டு இல்லை. பந்து எங்கே போக வேண்டுமோ அங்கே, எப்போது போக வேண்டுமோ அப்போது போகும். பல நேரம் அது ஒரு பாஸ் என்றே நமக்குத் தோன்றாது. தன்னலமற்றவர் என்ற சொல் இவர்மேல்தான் அதிகம் விழுந்திருக்கும். அந்தச் சொல் உடைந்து விழும் இடமும் இவரிடம்தான் இருக்கிறது. 2018 அரையிறுதியின் ஐந்தாவது ஆட்டம், எதிரணி ஃபீனிக்ஸ் மெர்குரி. வென்றால் இறுதிப் போட்டி, தோற்றால் வீடு. முந்தைய ஆட்டத்தில் பேர்டின் மூக்கு உடைந்திருந்தது. முகமூடி போட்டுக்கொண்டு ஆடினார், வயது 37. நான்காவது கால்பகுதியில் அவர் கூடை போட்டுக்கொண்டே போனார். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் எடுத்தது 14 புள்ளி. சியாட்டில் வென்றது, பிறகு பட்டத்தையும் எடுத்தது. கொடுப்பதே தன் குணம் என்று இருப்பவர் அன்றைக்கு என்ன செய்திருப்பார்? பல ஆண்டுப் பழக்கத்தின்படி கொடுத்துக்கொண்டே இருந்திருப்பார். பேர்ட் அப்படிச் செய்யவில்லை. இந்த நேரத்தில் பந்து இருக்க வேண்டிய நல்ல கை தன் கைதான் என்று தீர்ப்பளித்தார். இரண்டே ஆண்டு கழித்து, 2020 இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்தில், லாஸ் வேகஸ் ஏசஸ் அணிக்கு எதிராக அதே பேர்ட் 16 அசிஸ்ட் கொடுத்தார். அன்றைக்கு பிரியானா ஸ்டூவர்ட் 37 புள்ளி எடுத்தார். இரண்டு இரவிலும் வேலை செய்தது ஒரே மனம்தான். ஒரு நாள் அது போடு என்றது, இன்னொரு நாள் கொடு என்றது.

அடுத்த தடை சற்று நாகரிகமான மொழியில் வருகிறது. பெண்கள் வளையத்துக்கு மேலே எகிறிப் பந்தைத் திணிப்பது அபூர்வம், ஆகவே வேறு வழியில்லாமல் பந்தைச் சுற்றிச் சுற்றிக் கொடுத்து ஆடுகிறார்கள், பாஸ் என்பது அவர்களுக்கு ஓர் ஈடுகட்டல் என்பார்கள். பாராட்டுப்போலச் சொல்லப்படுவதால் இது இன்னும் தொந்தரவானது. இதிலுள்ள உண்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். வளையம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே பத்தடி உயரத்தில்தான் இருக்கிறது. களமும் அதே 94 அடி நீளம், 50 அடி அகலம். பந்து மட்டும் சுற்றளவில் ஓர் அங்குலம் சிறியது. ஆக, பெண்கள் ஆட்டத்தில் வளையத்தின் அருகே எப்படியாவது பந்தைத் தூக்கி வீசினால் யாராவது மேலே எகிறிப் பிடித்துத் திணித்துவிடுவார் என்ற வசதி பெரும்பாலும் கிடையாது. இதிலிருந்து என்ன முடிவு வரவேண்டும்? பாஸ் மலிவானது என்றா? எனக்கு நேர்மாறாகவே தோன்றுகிறது. கீழே நிற்கும் தோழியின் இடுப்புக்கும் மார்புக்கும் நடுவே, அவள் கால் எடுத்து வைக்கும் அதே தாளத்தில், தடுப்பாளரின் விரல் எட்டாத பக்கமாகப் பந்து வந்து சேர வேண்டும். ஒரு சாண் உயர்ந்தால் அவள் கையை நீட்ட வேண்டும். நீட்டினால் அரை நொடி போகும். அரை நொடி போனால் வாசல் அடைபட்டுவிடும். மிருதங்கம் வாசிக்கிறவருக்கு எடுப்பு தவறினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். மேலே திருத்திக்கொள்ள வழியில்லாத ஆட்டத்தில் கீழே கொடுக்கும் பாஸில் பிழைக்கு இடம் குறைவு. பிழைக்கு இடம் குறையும் கலை எப்படி ஈடுகட்டல் ஆகும்?

கோர்ட்னி வேண்டர்ஸ்லூட் இதற்குக் கண்கண்ட சாட்சி. கொன்சாகா பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஆண்கள் ஆட்டத்தில் அசிஸ்ட்டின் உச்சமாக 15,806 என்ற எண்ணை விட்டுச்சென்ற ஜான் ஸ்டாக்டன் படித்ததும் அங்கேதான். 2011-ல் சிகாகோ ஸ்கை அணிக்கு வந்தார். 2018-ல் 258 அசிஸ்ட்டோடு பெனிஷெய்ரோவின் அந்த 236-ஐத் தாண்டினார். 2019-ல் 300. 2020-ல், பெருந்தொற்றால் 22 ஆட்டங்களாகச் சுருங்கி, ஃபுளோரிடாவில் பார்வையாளர் இல்லாத அரங்கில் நடந்த சீசனில், ஆட்டத்துக்குச் சராசரி 10 அசிஸ்ட். டபிள்யூ.என்.பி.ஏ.-வில் சராசரி இரட்டை இலக்கத்தைத் தொட்ட முதல் ஆள் அவர். அதே ஆகஸ்டில் இண்டியானா அணிக்கு எதிராக 18 கொடுத்து, பெனிஷெய்ரோவின் 16-ஐயும் கடந்தார்.

அவர் ஆட்டத்தின் நடுநாடி பிக் அண்ட் ரோல். பார்ப்போருக்கு இது வெறும் மோதல் போலத் தெரியும். உயரமான தோழி ஒருத்தி வந்து வேண்டர்ஸ்லூட்டின் தடுப்பாளருக்குக் குறுக்கே தூண்போல நிற்பாள். அதுதான் ஸ்கிரீன். வேண்டர்ஸ்லூட் அந்தத் தூணை உரசிக்கொண்டு வளைவார். அவருடைய தடுப்பாளர் இப்போது முதுகுக்குப் பின்னால். முன்னால் இருப்பது உயரமான தோழியின் தடுப்பாளர். அவருக்குப் பந்தை மறிப்பதா, தன் ஆளோடு பின்வாங்குவதா என்ற குழப்பம். சாதாரண ஆட்டக்காரர் இந்த இடத்தில் அவசரப்படுவார். வேண்டர்ஸ்லூட் வேகத்தைக் குறைப்பார். முதுகால் பின்னவரைத் தடுத்துவைத்தபடி, பந்தைத் தட்டிக்கொண்டே ஒரு காலடி, இன்னொரு காலடி. தேர்வு செய்ய வேண்டிய நெருக்கடி எதிராளிக்குத்தான், தனக்கில்லை என்று அந்த நடையே சொல்லும். எதிராளி ஒரு பாதம் முன்வைத்தால், பந்து அவருடைய இடுப்புக்கருகே தரையில் ஒரு முறை குதித்து, கூடையை நோக்கி ஓடும் உயரமான தோழியின் கைக்குப் போய்விடும். எதிராளி பின்வாங்கினால் வேண்டர்ஸ்லூட்டே உள்ளே போவார். மூன்றாவதாக ஒருவர் உதவிக்கு ஓடிவந்தால், அவர் விட்டுவிட்டு வந்த மூலையில் அந்த நாட்களில் ஆலி குவிக்லி நிற்பார். மூன்று புள்ளி எறியும் போட்டியை நான்கு முறை வென்றவர். வேண்டர்ஸ்லூட்டின் வாழ்க்கைத் துணைவியும் அவரே. அவரைத் தனியாக விட்டுவிட்டு வர எந்தத் தடுப்பாளருக்கும் மனம் வந்ததில்லை. 2021 அரையிறுதியில் கனெக்டிகட் சன் அணிக்கு எதிராக வேண்டர்ஸ்லூட் எடுத்தது 12 புள்ளி, 10 ரீபவுண்ட் (குறி தவறிய பந்தைக் கைப்பற்றுவது), 18 அசிஸ்ட். சிகாகோ அந்த ஆண்டு பட்டம் வென்றது.

இப்போது எண்களை நம்பாதவர்களின் தடை. குவிக்லி போன்ற ஒருவர் மூலையில் நின்றால் யார்தான் அசிஸ்ட் எடுக்க மாட்டார்கள், சீசன் நீண்டுகொண்டே போகிறது, ஆட்ட வேகமும் கூடிவிட்டது, சாதனை உடைவதில் என்ன வியப்பு என்பார்கள். இதில் பாதிக்கு மேல் சரி. தொடக்க ஆண்டில் 28 ஆட்டங்கள் இருந்த சீசன் 2023-ல் 40 ஆனது. 2006-ல் ஷாட் கிளாக், அதாவது பந்தைக் கூடைக்கு எறிந்தாக வேண்டிய கால அளவு, 30 நொடியிலிருந்து 24 ஆகக் குறைந்தது. பந்து இன்னும் விரைவாகக் கை மாறியது. 2023-ல் அலிசா தாமஸ் 316, 2024-ல் கெய்ட்லின் கிளார்க் 337, 2025-ல் தாமஸ் அதையும் தாண்டியது என்று ஏறிக்கொண்டே போகும் எண்களை அப்படியே அடுக்கி, நாளுக்கு நாள் பாஸ் வளர்கிறது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 30 ஆட்டத்தில் 236 என்பது ஆட்டத்துக்கு 7.9, 40 ஆட்டத்தில் 337 என்பது 8.4. ஒரு தலைமுறை இடைவெளியில் அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு இது பெனிஷெய்ரோவின் பெருமையைக் கூட்டுகிறது, கிளார்க்கைக் குறைக்கவில்லை. கொடுப்பவர் வாங்குபவரை நம்பியிருக்கிறார் என்பதும் உண்மைதான். ஆனால் நம்பியிருப்பது இருபக்கம். குவிக்லி தனியாக நிற்பதற்கே வேண்டர்ஸ்லூட்டின் அந்த இரண்டு மெதுவான காலடி தேவைப்பட்டது.

கிளார்க்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்றும் அவரிடம்தான் இருக்கிறது. 2024 ஜூலை 17 அன்று டாலஸ் விங்ஸ் அணிக்கு எதிராக 19 அசிஸ்ட். ஒரே ஆட்டத்தில் அதுவரை யாரும் தொடாத எண். அன்றைக்கு அவருடைய இண்டியானா ஃபீவர் தோற்றது. அதே சீசனில் பந்தை எதிரணியிடம் இழந்த கணக்கிலும் அவரே முதல்: 223 டர்ன்ஓவர், அதுவும் சாதனை. தொழில்முறையில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே பத்து. பாஸ் என்பது தீர்ப்பு என்றால், இத்தனை தவறான தீர்ப்பு வழங்குபவரை எப்படிப் பெரியவர் என்பாய் என்று கேட்கலாம். இரண்டு விதமான இழப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் பதில். பந்தைத் தட்டும்போது கைநழுவுவதும், நெருக்கும் தடுப்பாளரைச் சமாளிக்க முடியாமல் தடுமாறுவதும் குறை, சந்தேகமில்லை. முதல் ஆண்டில் அவரிடம் அது நிறைய இருந்தது. ஆனால் களத்தின் பாதிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஓடிக்கொண்டிருக்கும் தோழியின் தலைக்கு மேலாக, அவள் இன்னும் போய்ச் சேராத இடத்துக்கு எறியும் நீண்ட பாஸ் வேறு வகை. அது சரியாகப் போனால் தடுக்க ஆளில்லாத கூடை. தவறினால் பந்து போயிற்று. பாதுகாப்பான பாஸ்களை மட்டும் கொடுப்பவருக்கு டர்ன்ஓவர் குறையும். எதிரணியும் நிம்மதியாக இருக்கும். கிளார்க் மிகத் தூரத்திலிருந்தே மூன்று புள்ளி எறிய வல்லவர் என்பதால் தடுப்பாளர் களத்தின் நடுவரைக்கும் வெளியே வந்து நிற்க வேண்டியிருக்கிறது. வந்தவர் பின்னால் திறந்த வெளி. அந்த வெளிக்குள் பந்தைச் செலுத்தத் துணிவது அவருடைய கணிப்பு. கூடை போடத் தெரியாததால் பெனிஷெய்ரோவை விட்டுப் பின்வாங்கினார்கள், கூடை போடுவதற்கு அஞ்சி கிளார்க்கை நெருங்கி வருகிறார்கள். இரண்டிலும் தடுப்பாளர் நிற்கும் இடத்தைப் படிப்பதே வேலை. தன்னலமின்மை என்ற ஒற்றைச் சொல்லால் இவ்விருவரையும் எப்படி விளக்குவது? ஆட்டத்துக்கு ஆட்டம் தூரத்திலிருந்து தயங்காமல் எறியும் கிளார்க்கை யாரும் தன்னலமற்றவர் என்று அழைப்பதில்லை. ஆனாலும் அந்த 337 அவருடையதுதான்.

இந்த அறிவு ஆட்டத்தை விட்டு விலகிய பிறகும் தன் வழியைத் தேடிக்கொள்கிறது. டான் ஸ்டேலி ஆட்டக்காரராக மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற பாயிண்ட் கார்ட், அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர். பயிற்சியாளராகத் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தை மூன்று முறை அமெரிக்கச் சாம்பியன் ஆக்கியிருக்கிறார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சூ பேர்ட் ஆடிய அணிக்கும் அவரே பயிற்சியாளர்.

கடைசியாக, பாயிண்ட் கார்டே அல்லாத ஒருவர். அலிசா தாமஸ் ஆறடி இரண்டு அங்குலம். ரீபவுண்டுக்கு மோதி நிற்கும் ஃபார்வர்ட். இரண்டு தோள்மூட்டிலும் குருத்தெலும்பு கிழிந்த நிலையிலேயே ஆண்டுக்கணக்காக ஆடி வந்தவர். கையைத் தலைக்கு மேல் நிமிர்த்தி எறிவது அவருக்கு இயல்பாக வராது. மார்புக்கருகிலிருந்து பந்தைத் தள்ளிவிடுவதுபோல எறிவார். தூரத்தில் அவரைத் தடுக்க யாரும் நெருங்க மாட்டார்கள். அந்த இடைவெளியில் அவர் பந்தோடு நின்று எதிரணி முழுவதையும் பார்க்கிறார். தோழிகள் அவரைச் சுற்றி வெட்டி ஓடுகிறார்கள். தாழ்ந்த கையிலிருந்து, குனிந்த முதுகுக்கு அருகே, பந்து போகிறது. உடம்பு எதைச் செய்ய விடவில்லையோ அதைச் சுற்றி ஒரு முழு ஆட்டத்தையே கட்டியெழுப்பிக்கொண்டவர் அவர். 2022 இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் 16 புள்ளி, 15 ரீபவுண்ட், 11 அசிஸ்ட். புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் இரட்டை இலக்கம் தொடும் டிரிப்பிள் டபுள் இறுதித் தொடரில் எடுத்த முதல் ஆட்டக்காரர் ஆனார். அடுத்த ஆட்டத்திலும் ஒன்று. ஆனாலும் கனெக்டிகட் அந்தத் தொடரில் தோற்றது. வென்றது லாஸ் வேகஸ். தொடர் நாயகி செல்சி கிரே. பந்தைக் கொடுப்பதில் அமெரிக்க ரசிகர்கள் செல்லப்பெயரே சூட்டிக் கொண்டாடும் பாயிண்ட் கார்ட் அவர். அந்த ஆண்டு அவரைப் பற்றி எல்லோரும் பேசியது, தடுப்பாளரின் கை முகத்துக்கு எதிரே நீண்டிருக்கும்போதே பின்னால் சாய்ந்து அவர் போட்ட கூடைகளைப் பற்றித்தான்.